பெல்ஸ்டோவின் புள்ளிக்கோடு

"பிள்ளை, கொப்பற்ற ஊரில எந்த ஒழுங்கை எங்க போகுதெண்டு உனக்குத் தெரியாது. நீ வெள்ளைக்காரன்ர ஊருக்கு என்ன சரித்திரம் எழுதிக் கிழிக்கப்போறாய்?"

கேட்டவர் சிவஞானம் அங்கிள். இடம், ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் மண்டபம். எனக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மா மேசை மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்த மாலை அது. கொப்பர் என்று அவர் சொன்னது என் அப்பாவை; ஒழுங்கை என்றது ஊரின் ஒடுங்கிய தெருவை. சிவஞானம் அங்கிள் அப்பாவின் ஊர்க்காரர். அங்கே வாத்தியாராக இருந்தவர். இங்கே றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீடும், எந்தக் கூட்டத்திலும் முன்வரிசைக் கதிரையும் உள்ளவர். கேட்டுவிட்டு அவர் கையிலிருந்த மட்டன் ரோலைக் கடித்தார். அப்பா சிரித்தார். அங்கிளுக்கு முன்னால் அப்பா எப்போதும் சிரிப்பார். ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது.

அந்த வேலையில் பத்து வருடம் இருந்து, முப்பத்துநான்கு வயதில் ஓய்வுபெற்றேன். விலகினேன் என்றும் சொல்லலாம். ஆனால் விலகியவர்கள் வேறு இடத்தில் அதே வேலைக்குப் போவார்கள். நான் போகப்போவதில்லை. ஆகவே ஓய்வு.

இதை எழுத வைத்தவள் அபிநயா. நான் விட்டுவந்த மேசையில் இப்போது இருப்பவள். போன மாதம் குரல்செய்தி அனுப்பியிருந்தாள்: "அக்கா, இப்ப எல்லாம் சொஃப்ட்வெயார்தான். ஊர்ப் பேரை அடிச்சா பத்து நிமிசத்தில ஃபுல் ஹிஸ்டரி வருது. லைக், நீங்கள் இதைக் கையால எப்பிடிச் செய்தனீங்கள்? சீரியஸா கேக்கிறன்."

சீரியஸாகவே சொல்கிறேன், அபிநயா.

எங்கள் நிறுவனம் டான்ஃபோர்த் வீதியில் ஒரு பல் வைத்தியசாலைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பல் துளைக்கும் சத்தம்; மேலே நாங்கள் இங்கிலாந்தின் மரணப் பதிவேடுகளை வாசித்துக்கொண்டிருப்போம். தொழில் இதுதான்: தங்கள் மூதாதையர் இங்கிலாந்தின் ஏதோவொரு சிறிய கிராமத்திலிருந்து வந்தவர்கள் என்று கண்டுபிடித்த கனடாக்காரர்கள் எங்களிடம் வருவார்கள். அந்தக் கிராமத்தின் வரலாற்றையும் அதன் அடையாளச் சின்னங்களையும் நாங்கள் ஒரு கெட்டி அட்டைப் புத்தகமாக எழுதிக் கொடுப்போம். கோடைகாலக் குடும்ப ஒன்றுகூடலில் அதை ஆளுக்கொரு பிரதி கொடுப்பார்கள். யாரும் வாசிப்பதில்லை. கோப்பி மேசையில் வைப்பார்கள்.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்டவள் நான்தான். அப்பா தன் பெயரை எழுதுவார், அதுவும் மெதுவாக. அம்மா பஸ் இலக்கம் வாசிப்பார். பார்க்டேலில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வந்த ஒவ்வொரு அரசாங்கக் கடிதத்தையும் ஒன்பது வயதிலிருந்து நான்தான் வாசித்தேன். முதலில் எங்களுடையதை. பிறகு எங்கள் மாடியில் இருந்த எல்லோருடையதையும். கடிதத்தில் எழுதியிருப்பது ஒன்று, எழுதாமல் விட்டிருப்பது வேறொன்று என்பதை எனக்குப் பல்கலைக்கழகம் சொல்லித்தரவில்லை. குடிவரவுத் திணைக்களம் சொல்லித்தந்தது. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் வரலாறு படித்து, வகுப்பில் முதலாவதாக வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் மேலாளர் கிரஹாம். ஹமில்டனில் பிறந்தவர். இங்கிலாந்துக்கு மூன்று தடவை போயிருக்கிறார், மூன்று தடவையும் லண்டனுக்கு மட்டும். ஆனாலும் கிராமங்களைப் பற்றி, அங்கே வளர்ந்து ஆளானவர் போலப் பேசுவார். "அந்த மண்ணின் வாசனை" என்பார். அவர் மேசையில் ஒரு பெட்டி நிறைய வெள்ளைப் பருத்திக் கையுறைகள் இருந்தன. வாடிக்கையாளர் வரும் நாளில் எல்லோரும் அணியவேண்டும். ஆவணக் காப்பகங்களில்கூடக் கடதாசியை வெறுங்கையால்தான் தொடுவார்கள். கையைக் கழுவித் துடைத்தால் போதும். கையுறை போட்டால் விரல் மரத்துப்போய்த் தாள் கிழியும். அதைவிட, எங்களிடம் இருந்தவை மூல ஆவணங்களே அல்ல. இங்கிலாந்தின் மாவட்டக் காப்பகங்கள் அனுப்பிய ஸ்கேன்களை நாங்கள் எங்கள் இயந்திரத்தில் பிரதி எடுத்தவை. வாரத் தொடக்கத்தில் அச்சடித்த பிரதியை வாரக் கடைசியில் வெள்ளைக் கையுறையோடு தூக்கிக் காட்டுவோம். வாடிக்கையாளர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்.

கிரஹாம் ஒருபோதும் 'இல்லை' என்று சொல்லமாட்டார். "சுவாரசியம்" என்பார். அந்தச் சொல் வந்தால் அந்தப் பந்தி போய்விட்டது என்று அர்த்தம். பிறகு பச்சைப் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு சொல் எழுதுவார்: இதம். இன்னும் இதமாக எழுதவேண்டும் என்பது பொருள். நான் எழுதிய எல்லாவற்றிலும் இதம் குறைவாகவே இருந்தது.

ஏனென்றால் ஆவணங்களில் இதம் இல்லை. இங்கிலாந்துக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கதைதான். ஒரு தேவாலயம், ஒரு மதுச்சாலை, ஒரு பெரிய வீடு, ஒரு குளம் அல்லது தண்ணீர்ப் பம்பு, போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த ஒரு கல். தேவாலயத்திலிருந்து பெரிய வீட்டுக்கு ஒரு சுரங்கப்பாதை இருக்கும். அதைக் கண்டவர் எவரும் இல்லை. மதுச்சாலையில் ஒரு ராஜா ஓரிரவு படுத்திருப்பார். எல்லா ஊர்களின் கணக்கையும் கூட்டினால் அந்த ராஜா தன் அரண்மனையில் ஒருநாளும் படுத்திருக்க முடியாது. இடுகாட்டில் நிற்கும் மரத்துக்கு ஆயிரம் வயது. இந்தக் கதைகளை அந்தந்த ஊர்க்காரரே தேவாலய வாசலில் ஒரு துண்டுப் பிரசுரமாக அடித்து வைத்திருப்பார்கள். எங்கள் புதிய ஆட்கள் முதலில் அதைத்தான் எடுத்து வாசிப்பார்கள். நான் அதைக் கடைசியில் வாசிப்பேன்.

என் முறை இது, அபிநயா. முதலில் நிலவரி வரைபடம். அதில் ஒவ்வொரு வயலுக்கும், வளவுக்கும், கொட்டிலுக்கும் ஓர் இலக்கம் இருக்கும். அதோடு வரும் பட்டியலில் அந்த இலக்கத்துக்கு நேரே சொந்தக்காரர் யார், உண்மையில் அங்கே இருந்தவர் யார், அந்த நிலத்தை ஊரார் என்ன பெயரால் அழைத்தார்கள் என்று இருக்கும். சொந்தக்காரர் நிரலை விட்டுவிடு. இருந்தவர் நிரலை வாசி. பிறகு தேவாலயச் சபையின் கூட்டக் குறிப்புகள். யாரை யார் திட்டினார்கள் என்பது அங்கேதான் கிடைக்கும். பிறகு அடக்கப் பதிவேடு. பிறகு பழைய அளவை வரைபடத்தைக் கண்ணாடித்தாளில் எடுத்து இன்றைய வரைபடத்தின் மேல் போட்டுப் பார். எது அசையாமல் இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார். காணாமல் போனதுதான் சரித்திரம். உன் சொஃப்ட்வெயார் அந்தத் துண்டுப் பிரசுரத்தைத்தான் வாசிக்கிறது. அதனால்தான் பத்து நிமிடம் போதுமாக இருக்கிறது.

இவ்வளவு தெரிந்த நான் செய்ததைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

ஒன்பதாவது வருடம் ஹார்ட்லி என்பவர் வந்தார். ரொறன்ரோவில் அடுக்குமாடி வீடுகள் கட்டுபவர். அவரது குடும்பம் ஓர் ஊரிலிருந்து கப்பலேறியது. அந்த ஊரின் உண்மையான பெயரைச் சொல்லமாட்டேன். பெல்ஸ்டோ என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு மலைச்சரிவு, நாற்பது வீடு, ஒரு தேவாலயம். ஒரு மைலுக்கு அப்பால், பள்ளத்தில், பெல்ஸ்டோவுக்கே சொந்தமான ஒரு சிறு குடியிருப்பு. அதை ஊரார் கீழ்முனை என்பார்கள். ஹார்ட்லி அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்திலிருந்த பழைய பாதிரியார் வீட்டை வாங்கியிருந்தார். தோட்டத்தோடு. புத்தகம் குடும்பத்துக்கும் வேண்டும், பெல்ஸ்டோ ஊர் மண்டபத்தில் வைக்கவும் வேண்டும் என்றார்.

"என் முப்பாட்டன் அந்தத் தேவாலயத்தில் ஏதோ பெரிய பதவியில் இருந்திருக்கிறார்" என்றார் ஹார்ட்லி. "அப்பா அப்படித்தான் சொல்வார்."

முப்பாட்டன் அந்தத் தேவாலயத்தின் குழிவெட்டி. இடுகாட்டில் குழி தோண்டி, பிணம் வரும்போது மணியடித்து, மண் மூடுகிறவர். நாற்பது வருடம் அதைச் செய்திருக்கிறார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. கூட்டக் குறிப்புகளில் பாதிரியாரோடு இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறார். அதை எழுதினேன்.

கிரஹாம் வாசித்தார். "சுவாரசியம்" என்றார். பச்சைப் பென்சில் 'தேவாலய அலுவலர்' என்று எழுதியது.

"குழி வெட்டினவர்தானே?"

"அலுவலர் என்பது பொய்யல்லவே, நிரோஜா. அவருக்கு ஓர் அலுவல் இருந்தது."

விட்டுக்கொடுத்தேன். ஒரு சொல்தானே என்று நினைத்தேன்.

அடுத்தது வரைபடம். புத்தகத்தின் முன் அட்டைக்கு உட்பக்கத்தில் நானே கையால் வரையும் ஊர்ப் படம். அது என்னுடைய பெருமை. பழைய வரைபடத்தில் கீழ்முனையிலிருந்து மேட்டில் ஏறி, பாதிரியார் வீட்டுத் தோட்டத்துக்குள்ளால் வந்து, தேவாலய வாசலில் முடியும் ஒரு புள்ளிக்கோடு இருந்தது. நடைபாதை. தோட்டத்தின் நடுவில் அதன் ஓரமாகத் தட்டையான ஒரு கல். துண்டுப் பிரசுரத்தில் அந்தக் கல்லுக்கு ஒரு கதை: பழைய பாதிரியார் ஒருவர் அதில் உட்கார்ந்துதான் பிரசங்கம் எழுதுவாராம். ஹார்ட்லிக்கு அந்தக் கதை நன்றாகப் பிடித்திருந்தது. புள்ளிக்கோடு பிடிக்கவில்லை.

"அவருடைய தோட்டத்துக்குள்ளால் யாரோ நடந்து போவதுபோல இருக்கிறது" என்றார் கிரஹாம். "படம் துப்புரவாக இருக்கட்டும். ஒரு புள்ளிக்கோடுதானே."

அந்தப் பாதை எதற்கு என்று நான் தேடியிருக்கவேண்டும். தேடவில்லை. அச்சுக்குப் போகும் நாள் நெருங்கியிருந்தது, கூட்டக் குறிப்புகளில் ஒரு தொகுதி இன்னும் வாசிக்காமல் கிடந்தது. கோட்டை எடுத்தேன். கல்லுக்குப் பக்கத்தில் 'பாதிரியார் பிரசங்கம் எழுதிய கல்' என்று அழகான எழுத்தில் எழுதினேன். எந்தத் துண்டுப் பிரசுரத்தை ஒன்பது வருடமாக இகழ்ந்தேனோ, அதிலிருந்து ஒரு வரியை எடுத்து என் கையாலேயே வரைபடத்தில் எழுதினேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் பெயரும் பட்டமும் இருந்தன.

எட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பெயர் பாம். கீழ்முனையில் தனியாக இருப்பவர். பஸ் சாரதியாக இருந்த அவரது கணவர் பெல்ஸ்டோ தேவாலய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பாம் வாரத்தில் மூன்று நாள் அந்தப் பாதையால் ஏறிப்போய்ப் பூ வைத்துவிட்டு வருவாராம். புதிய சொந்தக்காரர் தோட்டத்துக்குப் படலை போட்டுப் பூட்டிவிட்டார். இனிப் போவதென்றால் பெரிய வீதியால் போகவேண்டும். அதில் நடைமேடை இல்லை, லொறிகள் ஓடும். எழுபத்தெட்டு வயது. பாதை தொன்றுதொட்டுப் பொதுப்பாதை என்று அவர் மாவட்டசபைக்கு விண்ணப்பித்திருந்தார். அதற்கு எதிராக ஹார்ட்லி கொடுத்த சான்று எங்கள் புத்தகம்.

கடைசி வரிகள் எனக்கு இன்னும் பாடம். "பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் ஒருவர் அங்கே பாதை இல்லை என்று வரைந்திருப்பதாகச் சபையில் வாசித்தார்கள். நீங்கள் எப்போது வந்து பார்த்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன். நான் வீட்டில்தான் இருந்தேன். வந்திருந்தால் தேநீர் தந்திருப்பேன்."

என்னை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஏளனம் செய்திருக்கிறார்கள். அந்தத் தேநீர் அளவுக்கு ஒருவரும் செய்ததில்லை.

மின்னஞ்சலைக் கிரஹாமிடம் காட்டினேன். வாசித்தார்.

"சுவாரசியம்."

"நாங்கள் திருத்தம் அனுப்பவேண்டும்."

"நாங்கள் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. ஒரு படத்தில் எல்லாவற்றையும் போட முடியுமா? மரங்களையும்தான் நீங்கள் போடவில்லை."

"மரத்தால ஒருத்தரும் சுடலைக்குப் போறேல்லை" என்றேன், தமிழில். அவர் புன்னகைத்தார். அவருக்கு விளங்காத எதற்கும் புன்னகைப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோவின் ரூஜ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய வரைபடத்தையும், அச்சான எங்கள் புத்தகத்தையும், வாசிக்காமல் விட்ட தொகுதியையும் விரித்துவைத்து உட்கார்ந்தேன். பார்க்டேலில் இருந்து இந்த வீட்டுக்கு வந்து சில வருடங்கள். அப்பா உணவகச் சமையலறையில் இருபத்தைந்து வருடம் நின்ற கால்களை ஒரு கதிரையில் நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். தொகுதியின் நடுவில் அது கிடைத்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு கூட்டத் தீர்மானம், மங்கிய கையெழுத்தில்: கீழ்முனையில் இடுகாடு இல்லாதபடியால், அங்கே இறப்பவர்களைத் தோளில் கொண்டுவரும் வழியைக் குழிவெட்டி ஒவ்வொரு மாரிக்கும் முன்னர் முள்ளுவெட்டித் துப்புரவாக வைத்திருக்கவேண்டும். இருவர் பக்கம் பக்கமாக நடக்கும் அகலம் இருக்கவேண்டும். தூக்கிவருபவர்கள் பெட்டியை இறக்கி இளைப்பாறும் கல்லையும் அவரே பார்த்துக்கொள்ளவேண்டும். கீழே குழிவெட்டியின் பெயர்: ஹார்ட்லி.

பிரசங்கம் எழுதிய கல்லாம். அது பிணம் இறக்கும் கல்.

நான் பலமாகச் சிரித்திருக்கவேண்டும். அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ன உது, புள்ளி புள்ளியா?"

"செத்தவையைக் கொண்டுபோற பாதை, அப்பா. ஒரு ஊரில."

"இதில இருக்கு. உன்ர புத்தகத்தில இல்லையே?" அப்பாவுக்கு எழுத்து வராது. படம் வரும்.

"நான்தான் எடுத்தனான்."

"ஏன் எடுத்தனி?"

"வீட்டுக்காரனுக்கு விருப்பமில்லை."

அப்பா நீட்டியிருந்த காலை மடக்கினார். பிறகு, காலநிலையைச் சொல்வதுபோலச் சொன்னார்: "எங்கட அப்பு, உன்ர அப்பப்பா, செத்தநேரமும் உப்பிடித்தான். ஒழுங்கையால கொண்டுபோனா சுடலை கிட்ட. விடமாட்டினம். எங்கட ஆக்களின்ர பிணம் அவையின்ர வாசலுக்கு முன்னால போகக்கூடாது. வயலுக்குள்ளால கொண்டுபோனம். மாரி. முழங்கால் தண்ணி. ரெண்டுதரம் வழுக்கினது."

"எந்த ஒழுங்கை, அப்பா?"

"சிவஞானத்தார் வீட்டடி ஒழுங்கைதான். அவரும் அண்டைக்கு வாசலில நிண்டவர். இளந்தாரி." அப்பா சிரித்தார். அதே சிரிப்பு. "விடு. இப்ப நல்ல மாதிரித்தானே. பேத்தியின்ர பிறந்தநாளுக்கெல்லாம் கூப்பிட்டவர்."

அப்பாவின் ஊரைப் பற்றி எங்கள் வீட்டில் ஏன் யாரும் ஆசையாகக் கதைத்ததில்லை என்று அன்றைக்கு விளங்கியது. எனக்கு ஊரின் ஒழுங்கைகள் தெரியாது என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கேலி செய்தார் அல்லவா? என் அப்பாவை அந்த ஒழுங்கைக்குள் விடாமல் நின்றவர் அவர். அந்த ஒழுங்கை எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அடுத்த நாள் காலை கிரஹாமிடம் கூட்டத் தீர்மானத்தின் பிரதியைக் கொடுத்தேன். கையுறை இல்லாமல்.

அவர் வாசித்து முடிக்க நெடுநேரம் எடுத்தது. "சுவாரசியம்" என்று இந்தத் தடவை சொல்லவில்லை. "ஆராய்ச்சி வாடிக்கையாளருக்குச் சொந்தம்" என்றார். "வெளியில் கொடுக்க முடியாது. இதைக் கொடுத்தால் நீங்கள் இங்கே இருக்க முடியாது. விளங்குகிறதா?"

"ஆராய்ச்சி அவருடையதாக இருக்கட்டும். ஆவணம் மாவட்டக் காப்பகத்தில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். எந்தப் பக்கம் என்று சொல்லத்தான் ஆள் தேவை."

"ஒரு கிழவியின் நடைக்காகவா?"

"அவருடைய நடைக்காகத்தான் அந்தத் தேவாலயச் சபை நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த வாடிக்கையாளரின் முப்பாட்டனை அந்தப் பாதையைத் திறந்துவைக்கத்தான் வேலைக்கு வைத்தார்கள். அந்த ஆள் நாற்பது வருடம் முள்ளு வெட்டினார். இவர் படலை போட்டுப் பூட்டியிருக்கிறார். நீங்கள் கேட்கும் இதம் இதில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியவில்லை."

பச்சைப் பென்சில் மேசையில் உருண்டது. கீழே யாருக்கோ பல் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து வருடத்துப் பொருட்கள் ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடங்கின. எனக்குக் கொடுத்திருந்த கையுறைச் சோடியையும் அவர் மேசையில் திருப்பி வைத்தேன். ஒரு தடவைகூடத் தோய்க்கவேண்டி வரவில்லை. அவ்வளவு சுத்தமான ஆவணங்கள்.

பாமுக்கு அன்று பின்னேரமே எழுதினேன். நான் ஒருபோதும் பெல்ஸ்டோவுக்கு வந்ததில்லை, கோட்டை நான்தான் எடுத்தேன், வேண்டுமென்றே எடுத்தேன் என்று முதல் வரியிலேயே எழுதினேன். காப்பகத்தின் தொகுதி இலக்கத்தையும் பக்கத்தையும் கொடுத்தேன். மாவட்டசபைக்குச் சத்தியக்கூற்று ஒன்றும் அனுப்பினேன். விசாரணைக்கு நியமிக்கப்பட்ட அதிகாரி வீடியோவில் என்னைக் கேள்வி கேட்டார். ஹார்ட்லியின் சட்டத்தரணி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"நீங்கள் முன்பு பாதை இல்லை என்று வரைந்தீர்கள். இப்போது இருக்கிறது என்கிறீர்கள். எதை நம்புவது?"

"என்னை நம்பவேண்டாம்" என்றேன். "குழிவெட்டியை நம்புங்கள். அவர் அந்த முள்ளில் நாற்பது வருடம் கை கிழித்தவர். நான் வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டு வரைந்தவள்."

பாதையைப் பொதுப்பாதையாகப் பதியவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஹார்ட்லி தோட்டத்துக்குள் இருபக்கமும் ஆளுயர வேலி அடித்திருக்கிறாராம், நடப்பவர்களைக் காணாமல் இருப்பதற்கு. அடிக்கட்டும். அகலம் மட்டும் இருவர் பக்கம் பக்கமாக நடக்கும் அகலம். அதிகாரி அளவுநாடா பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். பாம் எனக்கு ஒரு படம் அனுப்பினார்: அந்தத் தட்டைக் கல்லின்மேல் ஒரு பூச்செண்டும் ஒரு தேநீர்ப் போத்தலும். கீழே ஒரு வரி. "ஏறும்போது இங்கே இளைப்பாறுகிறேன். கல்லின் வேலையே அதுதானே."

அபிநயா, எப்படிச் செய்தேன் என்று கேட்டாய். பத்து வருடம் நன்றாகச் செய்தேன், ஒரு நாள் கேவலமாகச் செய்தேன். அந்த ஒரு நாள்தான் மாவட்டசபை வரை போனது. உன் சொஃப்ட்வெயாரிடம் போய், உன் படத்திலிருந்து என்ன கோட்டை எடுத்தாய் என்று கேட்டுப் பார். அதற்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் என் குற்றம் பெரிது. அதனால்தான் அதைத் திருத்தவும் முடிந்தது.

என் ஓய்வுகாலத்தில் என்ன செய்கிறேன் என்று பலர் கேட்கிறார்கள். கொழும்பில் நில அளவைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, அப்பாவின் ஊரின் பழைய கிராம வரைபடத்தை எடுப்பித்தேன். போன வாரம் வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்தோம். அப்பா விரலை வைத்துத் தேடி, ஒழுங்கையைக் கண்டுபிடித்தார். சிவஞானம் அங்கிளின் வீட்டு வளவின் ஓரமாக நேரே சுடலைக்குப் போகிறது. அரசாங்க வரைபடத்திலேயே அது பொதுவழி. பிறகு அப்பா என்னிடம் பென்சில் கேட்டு வாங்கினார். தன் பெயரை எழுதுவதுபோல மெதுவாக, வயலுக்குள்ளால், வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டார். இரண்டு இடத்தில் நிறுத்திச் சிறிய வட்டம் போட்டார். வழுக்கிய இடங்கள்.

சிவஞானம் அங்கிளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அங்கிள், ஊரில எந்த ஒழுங்கை எங்க போகுதெண்டு இப்ப எனக்குத் தெரியும். ஊர்ச் சரித்திரம் எழுதத் தொடங்கியிருக்கிறன். முதல் அதிகாரம் உங்கட வீட்டடி ஒழுங்கை. உங்களிட்டைக் கேட்டுத்தானே எழுதவேணும்?"

"உது பழைய கதை, பிள்ளை. ஆருக்கு வேணும் இப்ப?"

"எனக்கு வேணும். அப்பாவும் வாறார்."

"கொப்பருமோ?"

"ஓம். அவர்தான் முதல் சாட்சி. நீங்கள் ரெண்டாவது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாறம்."

ஃபோனை வைத்துவிட்டு, அப்பாவின் கோடு தெளிவாகத் தெரியும்படி வரைபடத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். வருவதற்கு முன் பார்த்து வைத்திருக்கட்டும் என்று. பார்த்துவிட்டார், இரண்டு நீலக் குறிகள் விழுந்திருக்கின்றன. அப்பா வெள்ளைச் சேர்ட்டை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை அங்கே சிரிப்பாரா என்று நான் கேட்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவிக்குப் புது பற்றரி போட்டுவிட்டேன்.